சியெனா: ஒரே சுவரில் ஊரும் வயலும்

செவ்வாய்

இத்தாலியில் ஃபிளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. பஸ்ஸில் வருவதே நல்லது. ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருப்பதால் அங்கிருந்து நகரும் படிக்கட்டுகளில் மாறி மாறி ஏறித்தான் ஊரை எட்ட வேண்டும். பஸ் பழைய நகரத்தின் ஓரத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. செப்டம்பர் கடைசி. வெயில் இருக்கிறது, ஆனால் சுடவில்லை.

வந்திருப்பது அக்காவும் நானும். அக்கா மதுரையில் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். "ரோமு, வெனிசுன்னு ஓடிக்கிட்டே இருக்காம ஒரே ஊர்ல உக்காந்து பாக்கணும்டா தம்பி" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். ஊரைத் தேர்ந்தெடுத்தது நான். அதற்குக் காரணம் ஒரு சுவரோவியம். அதை நாளைக்குப் பார்க்கப் போகிறோம்.

பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு நேராக ஊரின் பெரிய சதுக்கமான பியாச்சா தெல் காம்போவுக்கு நடந்தோம். இரண்டு பக்கமும் உயர்ந்த செங்கல் வீடுகள், நடுவில் வெளிச்சம் குறைந்த ஒடுங்கிய தெரு. திடீரென்று ஒரு சந்து கீழ்நோக்கிச் சரிந்து, வானம் முழுக்கத் திறந்துகொள்கிறது. பெரிய முறம் ஒன்றை லேசாகச் சாய்த்து வைத்தது போன்ற சதுக்கம். வளைந்த பக்கம் மேலே, நேரான பக்கம் கீழே. அந்த நேரான பக்கத்தில்தான் நகராட்சி மாளிகையான பலாச்சோ புப்ளிக்கோ நிற்கிறது. மழை பெய்தால் சதுக்கத்துத் தண்ணீர் முழுவதும் மாளிகைக்கு முன்னால் உள்ள ஒரே வடிகாலுக்கு ஓடிவிடும்.

தரை முழுக்கச் செங்கல். வெள்ளைக் கல் வரிகள் அதை 9 பாகங்களாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை சியெனாவை ஆண்டது 'ஒன்பதின்மர்' என்ற ஆட்சிக்குழு. ஒன்பது பேர், பெரும்பாலும் வணிகர்கள். இரண்டு மாதம்தான் பதவி. அந்த இரண்டு மாதமும் மாளிகைக்குள்ளேயே தங்க வேண்டும். திருவிழா போன்ற நாட்கள் தவிர வெளியே போகக் கூடாது. பிறகு வேறு ஒன்பது பேர். இன்று நாம் 'சியெனா' என்று படம் எடுத்துக்கொள்வதில் பெரும்பகுதி இவர்கள் காலத்தில் கட்டியது.

சதுக்கத்தைச் சுற்றி வீடு கட்டுகிறவர்கள் ஜன்னல்களைத் தூண் வைத்துத்தான் அமைக்க வேண்டும், பால்கனி நீட்டக் கூடாது என்று 1297இலேயே விதி போட்டிருக்கிறார்கள். 1309–10இல் ஊரின் சட்டத்தொகுப்பை லத்தீனிலிருந்து மக்கள் பேசும் மொழிக்கு மாற்றி, ஏழைகளும் லத்தீன் தெரியாதவர்களும் படித்துக்கொள்ளும்படி நல்ல தோலில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க உத்தரவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் ஓரிடத்தில், ஊரை ஆள்கிறவர்கள் அதன் அழகில் அக்கறை வைக்க வேண்டும், அது வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மகிழ்ச்சி, குடிமக்களுக்குப் பெருமையும் செழிப்பும் என்று வருகிறது. வெளியூரிலிருந்து வந்த நான் 700 ஆண்டு கழித்து அந்தச் செங்கல்லில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள் தரையில் சாய்ந்து கிடந்தார்கள். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை, எதையும் வாங்கச் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாடு பீச்சி. முட்டை சேர்க்காமல் மாவும் தண்ணீரும் பிசைந்து கையாலேயே உருட்டும் தடித்த நூல். தக்காளியும் பெரிய பல் பூண்டும் சேர்ந்த சாறு. அக்கா சைவம் என்பதால் இதைக் கேட்டு வாங்கினோம். ரொட்டியில் உப்பே இல்லை. இந்தப் பக்கத்து வழக்கமே அதுதான். குழம்போடும் பாலாடைக்கட்டியோடும் சாப்பிடும்போது சரியாக இருக்கிறது.

புதன்

பலாச்சோ புப்ளிக்கோ இன்றும் நகராட்சிக் கட்டடம். மேல்மாடி அருங்காட்சியகம். பெரிய கூடத்தில் சிமோனே மார்த்தினி 1315இல் வரைந்த மாதா, புனிதர்கள் சூழ விதானத்தின் கீழ் அமர்ந்திருக்கிறார். வலியவர்கள் எளியவர்களை வருத்தினால் அவர்களுக்காக நான் பரிந்து பேச மாட்டேன் என்று மாதா சொல்வதாகக் கீழே செய்யுள் எழுதியிருக்கிறது. சபை கூடும் இடத்தில் இப்படி ஒரு வாசகம்!

அடுத்த அறைதான் ஒன்பதின்மர் உட்கார்ந்து முடிவெடுத்த அறை. அவ்வளவு பெரிதில்லை. ஒரே ஒரு ஜன்னல், மூன்று சுவர் முழுக்க ஓவியம். 1338–39இல் வரைந்தவர் சியெனாக்காரரான அம்ப்ரோஜோ லொரென்செத்தி. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் நல்லாட்சியின் உருவங்கள். இடப்பக்கம் நீதி, அவள் தராசிலிருந்து இரண்டு கயிறுகள் இறங்கி, கீழே உட்கார்ந்திருக்கும் ஒற்றுமையின் கைக்கு வருகின்றன. ஒற்றுமையின் மடியில் ஓர் இழைப்புளி, மேடு பள்ளத்தைச் சீவிச் சமமாக்க. அவள் கையிலிருந்து கயிறு 24 குடிமக்களின் கைகள் வழியாகப் போய், ஊரே உருவெடுத்தது போல் வீற்றிருக்கும் முதியவரின் கையை அடைகிறது. யாரையும் கட்டி இழுத்துக்கொண்டு போகும் கயிறாக அது இல்லை. ஒவ்வொருவரும் தாங்களாகவே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறைக்குள் வரும் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் பக்கச்சுவர். நல்லாட்சியால் ஊரிலும் நாட்டுப்புறத்திலும் என்ன விளைகிறது என்பது அங்கே இருக்கிறது. இடது பாதி ஊர். செருப்புக் கடை, மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர், குதிரையில் போகும் மணப்பெண், தெருவில் கைகோத்து ஆடுகிறவர்கள், சாரத்தின் மேல் நின்று வீடு கட்டும் கொத்தர்கள். நடுவில் நகர வாசல். வாசலைத் தாண்டியதும் சுவரின் மறுபாதி முழுவதும் வயல். பருந்தோடு வேட்டைக்குக் கிளம்பும் பணக்காரர்கள் இறங்கிப் போகிறார்கள். எதிரே கழுதைகளில் மூட்டை ஏற்றி உழவர்கள் ஏறி வருகிறார்கள். ஒருவர் தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட கருப்புப் பன்றியை ஓட்டிவருகிறார். அந்த இனம் இன்றும் இங்கே வளர்க்கப்படுகிறது. விதைப்பு, அறுவடை, கதிரடிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தூரத்தில் சியெனாவின் துறைமுகமாகிய தலமோனேயைக்கூட எழுதிக் காட்டியிருக்கிறார்.

நகரத்தை வரைந்தவர்கள் பலர். நகரத்தையும் அதற்குச் சோறு போடும் மண்ணையும் ஒரே சுவரில், ஏறக்குறைய சரிபாதியாக, ஆள்கிறவர்களின் கண்ணுக்கு நேரே வரைந்து வைத்ததுதான் என்னை இங்கே இழுத்துவந்தது.

வயலுக்கு மேலே பாதுகாப்பு என்ற பெண் பறக்கிறாள். அச்சமின்றி எவரும் வழிநடக்கலாம், உழுது விதைக்கலாம் என்ற வாசகம் ஒரு கையில். மறுகையில் தூக்குமரம், அதில் தொங்கும் ஒருவன். இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்பதின்மர் பிரபுக்களை ஆட்சியில் சேர்க்கவில்லை, கூலித் தொழிலாளர்களையும் சேர்க்கவில்லை. 1355இல் அவர்களைக் கவிழ்த்தவர்கள் அந்த இரண்டு கூட்டத்தாரும் சேர்ந்துதான். சுவரில் பாதி இடம் பெற்ற உழவர்களுக்கு அந்த அறையில் ஓர் இருக்கைகூட இருந்ததில்லை.

இந்தப் பக்கச்சுவருக்கு எதிரே உள்ள சுவரில் கொடுங்கோன்மை, கொம்போடு. காலடியில் நீதி கட்டுண்டு கிடக்கிறாள். அந்த ஊரில் வேலை நடக்கும் ஒரே பட்டறை ஆயுதம் செய்கிறவனுடையது. வயல்கள் எரிந்து கிடக்கின்றன. இந்தச் சுவர்தான் அதிகம் சிதைந்திருக்கிறது.

மாளிகையின் பின்புறம், மேல்தளத்தில் ஒரு திறந்த மண்டபம் உண்டு. அவசியம் ஏறிப் பாருங்கள். சதுக்கத்துக்கு நேர் பின்னால், மதிலுக்கு உள்ளேயே காய்கறித் தோட்டமும் பழமரங்களுமாக ஒரு பள்ளத்தாக்கு. அதற்கப்பால் மேடும் பள்ளமுமாகத் தெற்கே விரியும் நிலம். நகரத்தின் நடு மையத்திலிருந்து கல்லெறி தூரத்தில் வயல். லொரென்செத்தி கற்பனையில் எதையும் தேடவில்லை, ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கிறார்.

மாலையில் தோரே தெல் மாஞ்சா கோபுரத்தில் ஏறினோம். ஏறக்குறைய 400 படிகள். வார்டு வார்டாக நடந்து பழகிய அக்காவின் கால்கள் என் கால்களைவிட உறுதியானவை.

வியாழன்

சியெனாவுக்கு ஆறு கிடையாது. மலை முகட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர் எப்படித் தண்ணீர் குடித்தது என்ற கேள்விக்குப் பதில் தரைக்கு அடியில் இருக்கிறது. ஊருக்கு வடக்கே நாட்டுப்புறத்திலிருந்து நிலத்தைக் குடைந்து, மணற்கல்லில் கசியும் ஊற்றுநீரைச் சேர்த்து, மெல்லிய சரிவில் ஊர்வரை கொண்டுவந்தார்கள். 'போத்தினி' என்கிறார்கள். மொத்தம் சுமார் 25 கிலோமீட்டர். முன்பதிவு செய்தால் ஒரு பகுதிக்குள் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். தரையில் கையகல வாய்க்கால், அதில் இன்றும் ஓடும் தெளிந்த நீர், சுவர்களில் படிந்து இறுகிய சுண்ணாம்பு. விளக்கொளியில் மண்வெட்டியும் கூந்தாலியும் வைத்து இதை வெட்டியவர்களை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

இந்தத் தண்ணீர் 1342இல் காம்போ சதுக்கத்துக்கு வந்தது. ஊரே கொண்டாடிய அந்த நீரூற்றின் பெயர் ஃபோந்தே காயா. அதைச் சுற்றி யாக்கோப்போ தெல்லா குவெர்ச்சா பிற்பாடு 1419 வரை செதுக்கிய பலகைகள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்ததால் 19ஆம் நூற்றாண்டில் நகல்கள் வைத்தார்கள். மூலச் சிற்பங்கள் வேறிடத்தில்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஃபோந்தேபிராந்தா. ஊரின் தாழ்வான பகுதியில், மூன்று கூர்வளைவுகளுக்குக் கீழே நிழலாக நிற்கும் நீர்நிலை. 1081லேயே இதைப் பற்றிய எழுத்துக் குறிப்பு இருக்கிறது. இன்றைய கட்டடம் 1246ஐச் சேர்ந்தது. முதல் தொட்டி மனிதர் குடிக்க. அது நிரம்பி வழிவது கால்நடைத் தொட்டிக்கு. அதிலிருந்து வழிவது துணி துவைக்க. அதற்கும் பிறகு தோல் பதனிடுகிறவர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் மாவாலைகளுக்கும். ஒரு சொட்டு நீர் இத்தனை வேலை செய்துவிட்டுத்தான் வயலுக்கு இறங்கியிருக்கிறது. புனித கத்தரீனா பிறந்தது இதற்குப் பக்கத்துத் தெருவில், 1347இல். அப்பா சாயத்தொழில் செய்தவர். இந்தத் தண்ணீர் இல்லாமல் அந்தத் தொழில் நடந்திருக்காது.

மதியம் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா. பேராலயத்துக்கு எதிரே, படிக்கட்டுக்கு நேர் முன்னால் நிற்கும் பழைய மருத்துவமனை. 11ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே குறிப்பு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதிவரை நோயாளிகள் இங்கே இருந்தார்கள். இப்போது அருங்காட்சியகம். யாத்திரிகர் கூடம் என்ற நீண்ட வார்டின் சுவர்களில் 1440களில் தொமேனிக்கோ தி பார்த்தோலோ வரைந்த படங்களில் மருத்துவமனை என்னென்ன செய்தது என்பதே பொருள். தொடையில் ஆழமான வெட்டுக்காயத்தோடு ஓர் இளைஞன், அவனைக் கழுவிவிட ஒருவர். இன்னொரு பக்கம் சிறுநீர்க் குப்பியைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் வைத்தியர். ஒரு துறவி நோயாளியின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கிறார். முன்னால் நாயும் பூனையும் சண்டை போடுகின்றன. அடுத்த படத்தில், வாசலில் விட்டுவிட்டுப் போன குழந்தைகளை எடுத்து வளர்த்து, படிக்கவைத்து, பெண்களுக்குச் சீர் கொடுத்துக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள்.

அக்கா அந்த வெட்டுக்காயக்காரன் முன்னால் நின்றுவிட்டார். "காயத்தைக் கழுவுறவரு மொகத்தப் பாரு. நோயாளியோட மொகத்த பாக்கல, காயத்த பாக்குறாரு. வேலை தெரிஞ்சவன் அப்படித்தான் இருப்பான்" என்றார். இத்தனை பேர் நடமாடுகிற வார்டில் படுத்திருப்பவனைப் போர்த்தியிருக்கும் விதத்தையும் கவனித்தார். கலை வரலாற்றுப் புத்தகங்களில் நான் படிக்காத விஷயங்கள். இரண்டு மணி நேரம் அந்த ஒரே கூடத்தில் போனது. ஃபோந்தே காயாவின் மூலச் சிற்பங்களும் இதே கட்டடத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் எங்களுக்கு அந்தக் கூடம்தான் சாந்தா மரியா.

இந்த மருத்துவமனைக்குக் கோதுமை எங்கிருந்து வந்தது? ஊருக்கு வெளியே அதற்குச் சொந்தமான பண்ணைகளிலிருந்து. அவற்றில் ஒன்றைத் திங்கட்கிழமை பார்க்கத் திட்டம்.

வெள்ளி

காலை பஸ்ஸில் மோந்தெரிஜ்ஜோனிக்குப் போய், அங்கிருந்து சியெனாவுக்கு நடந்தே திரும்பினோம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

மோந்தெரிஜ்ஜோனி ஒரு குன்றின் உச்சியில் வட்டமாகக் கட்டிய கோட்டை ஊர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிளாரன்ஸைத் தடுக்க சியெனா கட்டியது. மதிலின் சுற்றளவு 570 மீட்டர், 14 கோபுரங்கள். 1554இல் அதன் தளபதியே கோட்டையை எதிரியிடம் ஒப்படைத்துவிட்டார். அடுத்த ஆண்டு சியெனாவும் விழுந்தது. உள்ளே ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், சில கடைகள். அரை மணி நேரம் போதும். வெளியே வந்து தூரத்தில் நின்று பார்க்கும்போதுதான் அதன் அழகு முழுதாகத் தெரிகிறது.

நடந்த பாதை வியா ஃப்ராஞ்சிஜெனா. இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து ரோமுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதை. கேன்டர்பரிப் பேராயர் சிஜெரிக் 990இல் ரோமிலிருந்து திரும்பும்போது தங்கிய இடங்களைக் குறித்துவைத்தார். அந்த 79 இடங்களில் சியெனாவும் ஒன்று. வெள்ளைச் சரளைப் பாதை, ஓக் காடு, ஒலிவத் தோப்பு, திராட்சைத் தோட்டம், இடையே கல்வீடுகள். சில தோட்டங்களில் திராட்சை பறித்துக்கொண்டிருந்தார்கள். பாதையில் பியான் தெல் லாகோ என்ற பெரிய சமவெளி வருகிறது. ஒருகாலத்தில் ஏரியாகவும் சதுப்பாகவும் இருந்ததை 18ஆம் நூற்றாண்டில் பாதாளக் கால்வாய் வெட்டி வடித்து விளைநிலமாக்கினார்கள். தண்ணீருக்காகப் பூமியைக் குடைவதில் இந்த ஊருக்கு இருந்த கைப்பழக்கம் இங்கேயும் தெரிகிறது.

எதிரே தோள்மூட்டையோடு வந்தவர்கள் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். ஒரு ஜெர்மானியத் தம்பதி அக்காவிடம் பாதத்துக் கொப்புளத்தைக் காட்டினார்கள். அக்கா பையைத் திறந்து, கழுவி, மருந்திட்டுக் கட்டிவிட்டார். நேற்றைய படத்தை நாங்கள் இருவருமே நினைத்துக்கொண்டோம், வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாலை 4 மணிக்குப் போர்த்தா கமோல்லியா வாசல். வடக்கிலிருந்து கால்நடையாக வருகிறவர்கள் இந்த வாசலில்தான் நுழைவார்கள். அங்கிருந்து ஒரே தெரு, வளைந்து வளைந்து, காம்போவைத் தொட்டுப் பழைய மருத்துவமனைப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. ஊரே அந்தச் சாலையின் ஓரத்தில் வளர்ந்ததுதான். காரில் வந்தால் இது புரிந்திருக்காது.

சனி

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இது.

காலை ரயிலில் அஷானோ. சியெனாவுக்குத் தென்கிழக்கே இந்த நிலத்துக்கு க்ரேத்தே செனேசி என்று பெயர். முழுக்கக் களிமண். சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இன்று குன்றுகளாகக் கிடக்கிறது. வசந்தத்தில் பச்சை, கோடையில் பொன்னிறக் கோதுமை என்று படங்களில் பார்ப்போம். இப்போது உழுது போட்டிருக்கிறார்கள். சாம்பல் நிறத்தில், கட்டி கட்டியாக, மரமே இல்லாமல், அலை அலையாக நிலம். மழை அரித்த இடங்களில் கூர்மையான வெடிப்புகளும் வெள்ளை மொட்டைக் குன்றுகளும். பலருக்கு இது வறண்டதாகத் தோன்றலாம். எனக்கு இதைவிட நேர்மையான நிலக்காட்சி வேண்டாம். சியெனாவின் செங்கல்லுக்கான களிமண் இந்த மாதிரி நிலத்தில்தான் கிடைக்கிறது. ஊரைப் பார்த்துவிட்டு இங்கே வந்து ஒரு கட்டியைக் கையில் எடுக்கும்போது, கோபுரமும் சதுக்கமும் இதிலிருந்துதான் எழுந்தன என்பது கைக்குத் தெரிகிறது.

குன்றின் உச்சிகளில் தனித்தனியாகப் பண்ணைவீடுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சைப்ரஸ் மரம். உலகம் முழுக்க நாட்காட்டிகளில் அச்சாகும் காட்சி. இந்த வீடுகள் வாரத்துக்கு உழுதவர்களுடையவை. நிலம் பட்டணத்துப் பணக்காரருடையது, அல்லது மடத்தினுடையது. விளைச்சலில் பாதி அவர்களுக்கு, பாதி உழுத குடும்பத்துக்கு. நூற்றாண்டுகளாக நடந்த இந்த முறையில் புதிய ஒப்பந்தம் போடுவதை 1964இல்தான் சட்டம் தடுத்தது. அதற்கு முன்பே ஆட்கள் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். காலியான பண்ணைகளுக்கு சார்தீனியாத் தீவிலிருந்து ஆட்டிடையர்கள் வந்தார்கள். இன்று இந்தப் பக்கத்து பெக்கொரினோ பாலாடைக்கட்டிக்கு இருக்கும் பெயரில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மற்ற வீடுகள் பல, நீச்சல்குளத்தோடு விருந்தினர் விடுதிகள் ஆகியிருக்கின்றன. வீட்டைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டும்தான். அதில் வாழ்ந்தவர்களைப் பற்றி வாசலில் ஒரு பலகையாவது வைக்கலாமே என்று ஆதங்கமாகவும் இருந்தது.

அஷானோவிலிருந்து மோந்தே ஒலிவேத்தோ மஜ்ஜோரே மடத்துக்கு நடந்தோம். ஏற்றமும் இறக்கமுமாகப் பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள். மொட்டை நிலத்தில் நடந்து நடந்து, கடைசியில் சைப்ரஸ் காட்டுக்குள் நுழையும்போது செங்கல் மடம் தெரிகிறது. சியெனாவின் பெரிய குடும்பத்தைச் சேர்ந்த பெர்னார்தோ தொலொமேயி 1313இல் இரண்டு நண்பர்களோடு இந்த வனாந்தரத்துக்கு வந்து தவமிருந்த இடம். மதியம் மூடிவிடுவார்கள் என்பதால் நேரம் பார்த்து வர வேண்டும்.

பெரிய முற்றத்தைச் சுற்றிப் புனித ஆசீர்வாதப்பரின் (பெனடிக்ட்) வாழ்க்கை படங்களாக இருக்கிறது. லூக்கா சிஞொரெல்லி 1497இல் தொடங்கிச் சில படங்கள் வரைந்துவிட்டுப் போனார். 1505 முதல் மீதியை வரைந்தவர் சொதோமா. தன்னையும் ஒரு படத்தில் வரைந்திருக்கிறார், நல்ல உடுப்போடு, காலடியில் வளர்ப்புத் தரைக்கரடிகளோடு. ஆனால் என் மனசில் நின்றது ஓவியத்தில் இல்லாத ஒரு செய்தி. 1348இல் பிளேக் வந்தபோது பெர்னார்தோவுக்கு எழுபது வயதுக்கு மேல். இந்தக் குன்றில் பத்திரமாக இருந்திருக்கலாம். சியெனாவில் தங்கள் மடத்துத் துறவிகள் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டு இறங்கிப் போனார். அவர்களுக்குப் பணிவிடை செய்து அங்கேயே அதே நோயில் இறந்தார். உடலைப் பொதுக்குழியில் போட்டிருக்க வேண்டும், கிடைக்கவே இல்லை.

அக்கா மடத்துக் கோயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி நடக்கத் தெம்பு இல்லை, டாக்ஸி வரவழைத்தோம்.

ஞாயிறு

ஓய்வு நாள் என்று சொல்லிக்கொண்டு மதியத்துக்கு மேல் பேராலயம் போனோம். தரைக்காகத்தான் செப்டம்பரில் வந்தோம். 14 முதல் 19ஆம் நூற்றாண்டுவரை பதித்த 56 சலவைக்கல் சித்திரங்கள். ஆண்டின் பெரும்பகுதி மூடியே வைத்திருப்பார்கள்; கோடை முடிவில் தொடங்கிச் சில வாரங்கள் திறப்பார்கள். ஒரு வட்டத்தில் சியெனாவின் பெண் ஓநாய், சுற்றிலும் மற்ற ஊர்களின் விலங்குகள். ரோமுக்கு யானை.

பேராலயத்தின் பக்கத்தில் கூரை இல்லாத ஒரு பிரம்மாண்டச் சுவர் தனியாக நிற்கிறது. 1339இல், லொரென்செத்தி அந்த ஓவியத்தை முடிக்கும் சமயத்தில், இருக்கும் பேராலயமே ஒரு குறுக்குக்கூடமாக அடங்கிவிடும் அளவுக்குப் பெரிய புதிய பேராலயம் தொடங்கினார்கள். 1348இல் பிளேக். ஊரில் பாதிக்கும் மேல் செத்திருக்கலாம் என்கிறார்கள். என் ஐந்து பிள்ளைகளை என் கையாலேயே புதைத்தேன் என்று ஆஞோலோ தி தூரா என்பவர் எழுதிவைத்திருக்கிறார். லொரென்செத்தியும் அந்த ஆண்டில்தான் மறைந்திருக்க வேண்டும். கட்டிய பகுதியிலும் பலவீனம் தெரிந்ததால் வேலையை நிறுத்திவிட்டார்கள். சுவரின் உச்சிக்குக் குறுகிய படிகளில் ஏறலாம். கீழே கோடு போட்ட தூண்கள், கூரையில்லாத கூடம், அதற்கப்பால் மறுபடியும் வயல்.

இரவு ஒரு பேட்டையில் தெரு முழுக்க மேசை போட்டு விருந்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். சியெனாவில் 17 பேட்டைகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கோயில், கொடி, அருங்காட்சியகம், பிள்ளைகளுக்குப் பெயரிட்டுச் சேர்த்துக்கொள்ளும் சிறு நீரூற்று. ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் காம்போவில் மண் கொட்டி நடக்கும் குதிரைப் பந்தயத்தை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது, பரிமாறியவர்கள் எல்லோரும் பேட்டைப் பிள்ளைகள் என்பது. பதினைந்து வயசுப் பையன்கள் தட்டு அடுக்க, பாட்டிமார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கள்

வாடகைக் காரில் சான் கல்கானோ. 13ஆம் நூற்றாண்டில் சிஸ்தெர்சியத் துறவிகள் கட்டிய மடாலயக் கோயில். 16ஆம் நூற்றாண்டில் கூரையின் ஈயத்தகடுகளை விற்றுவிட்டார்கள். 1786இல் மணிக்கோபுரம் விழுந்தது. இப்போது தூண்களும் வளைவுகளும் சுவர்களும் முழுசாக நிற்க, கூரைக்குப் பதில் வானம், தரைக்குப் பதில் மண். பக்கத்துக் குன்றின் வட்டக் கோயிலில், போர்வீரராக இருந்து துறவியான கல்கானோ பாறையில் செருகிய வாள் என்று காட்டுகிறார்கள். அவர் 1181இல் இறந்தவர். வாளைப் பார்க்கத்தான் கூட்டம். அதே கோயிலின் பக்க அறையில் லொரென்செத்தியின் ஓவியங்கள் மங்கிப்போய் இருக்கின்றன. அங்கே நாங்கள் மட்டும்தான்.

திரும்பும்போது சுற்றிக்கொண்டு குனா வழியாக வந்தோம். வியாழக்கிழமை சொன்ன பண்ணை இதுதான். மருத்துவமனையின் கோதுமையைச் சேர்த்துவைக்கக் கோட்டை போல் மதில் எழுப்பிய செங்கல் களஞ்சியம், 14ஆம் நூற்றாண்டு. வெளியே நின்றுதான் பார்த்தோம். ஊர்க் கோபுரங்கள் அங்கிருந்து அதிக தூரமில்லை. "அப்ப வார்டுல குடுத்த ரொட்டி இங்கருந்துதான் போயிருக்கு" என்றார் அக்கா.

செவ்வாய்

கிளம்பும் நாள். காலையில் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். சியெனாவின் கருவூலத்துக்கு பிக்கெர்னா என்று பெயர். அதன் கணக்குப் புத்தகங்களுக்கு மரப்பலகை அட்டை போட்டு, அதில் ஓவியம் வரையவைப்பது வழக்கம். வெறும் வரவு செலவுக் கணக்குக்கு! பெரிய ஓவியர்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இருப்பதில் மிகப் பழையது 1258ஆம் ஆண்டுடையது. மேசையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரு துறவி உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஊகோ, சான் கல்கானோ மடத்தைச் சேர்ந்தவர். நேற்றுக் கூரையில்லாமல் பார்த்த அதே மடம். பொதுப்பணத்தை ஊருக்குள் உள்ள எந்தக் குடும்பத்தையும் சேராதவர் கையில் கொடுப்பது நல்லது என்று அந்த மடத்துத் துறவிகளைப் பொருளாளராக வைத்திருக்கிறார்கள்.

முன்னூறு ஆண்டுக்கும் மேலாக இந்த அட்டைகள் தொடர்கின்றன. 1467ஆம் ஆண்டு அட்டையில் நில நடுக்கத்துக்குப் பயந்து மக்கள் மதிலுக்கு வெளியே கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார்கள், மேலே மாதா ஊரைக் காக்கிறார். கூடாரம் இருக்கும் இடம் வயல்வெளி. அக்கா கூடாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பின்னோக்கி நடந்து, 1258இன் முன்னால் இன்னொரு முறை நின்றேன்.

ரோம் பஸ் 2 மணிக்கு. அதற்குள் பான்ஃபோர்த்தே வாங்க வேண்டும். வாதுமையும் தேனும் உலர்பழமும் சேர்த்து இறுக்கிய சியெனாவின் பழைய இனிப்பு. மிளகு சேர்த்த வகையும் இருக்கிறதாம், அக்காவுக்கு அதுதான் வேண்டும்.